ஐந்தாவது நிமிடம்

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை நிற்கும் சாலைக்கு ஓசூர் சாலை என்று பெயர். ஓசூருக்குப் போகிற சாலை என்பதால் அந்தப் பெயர். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கோ அது மறுமுனையிலிருந்து தொடங்குகிற சாலை. மூளை, நரம்பு என்று டாக்டர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் கடைசியில் அந்த வழியில்தான் போக வேண்டியிருக்கிறது. அத்திப்பள்ளி எல்லை, சந்தாபுரம், பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, அங்கிருந்து 2010இல் திறந்த மேம்பாலத்தில் சில்க் போர்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரப் பயணம். ஷிஃப்ட் மாறுகிற நேரமென்றால் சொல்ல முடியாது.

இந்தச் சாலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு குழந்தையை நினைத்துக்கொள்வோம். நான் கற்பனை செய்யும் குழந்தைதான். ஆனால் அவளைப் போன்ற பிள்ளைகளைப் பார்க்காத குழந்தைகள் வார்டு இந்தப் பக்கத்தில் இருக்காது. தளிக்கு அருகே ஒரு கிராமம். பதினெட்டு மாதப் பெண் குழந்தை, இரண்டு நாளாகக் காய்ச்சல். அப்பாவுக்கு சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். விடியும் முன் குழந்தையின் கண்கள் மேலே செருகுகின்றன, கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. “அத்தே, பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்திருச்சு!” மாமியார் சாவிக்கொத்தை எடுத்துவந்து குழந்தையின் கையில் திணிக்கிறார். அது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வண்டி எடுக்கிறான். ஓசூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: “எவ்வளவு நேரமா இழுக்குதும்மா?” வரும் பதில்: “ரொம்ப நேரமா சார்.” பிறகு, ஊசி போட்டு இழுப்பு அடங்கியதும், அந்தத் தாய் கேட்கும் கேள்வி: “பாப்பா பழையபடி ஆயிடுவாளா சார்?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள தொடர்பைத்தான் மருத்துவம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிவருகிறது.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருகிற காய்ச்சல் வலிப்பும் அப்படித்தான். பார்ப்பவர் நெஞ்சு நின்றுபோகும் அளவுக்குப் பயமுறுத்தினாலும், குழந்தையின் மூளையில் அநேகமாக ஒரு தடமும் விடாமல் போய்விடும். கவலை நிற்காத வலிப்பைப் பற்றியது. கை கால் எல்லாம் இழுக்கிற வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் நேரலாம். வலிப்பு நோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2015இல் வகுத்த இரண்டு கோடுகள் இவை. முதல் கோடு மருந்தைத் தொடங்குவதற்கு, இரண்டாவது கோடு அஞ்சுவதற்கு. இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ். வார்டில் ‘ஸ்டேட்டஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அரை மணி என்ற கோடு எங்கிருந்து வந்தது? அதன் பின்னணியில் பிரிட்டனில் பிரையன் மெல்ட்ரம் பபூன் குரங்குகளில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. நீண்ட வலிப்புக்குப் பின் குரங்குகளின் மூளையில் நரம்புச் செல்கள் மடிந்திருந்தன. காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு ஆகியவைதான் காரணமோ என்று அறிய, தசைகளைத் தளர்த்தி, செயற்கை மூச்சு கொடுத்தும் பார்த்தார்கள். சேதம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. உடம்பைக் காப்பாற்றினாலும், ஓயாமல் மின்துடிப்பு அனுப்புகிற செல்கள் தம்மையே எரித்துக்கொள்கின்றன என்று அதற்குப் பொருள்.

அதைவிட நம் சாலைக்கு நெருக்கமான இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. மூளைச் செல்லின் மேற்பரப்பில் காபா என்ற வேதிப்பொருளை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. அவைதான் மூளையின் பிரேக். மிடசோலம், லோரசெபம், டயசெபம் ஆகிய மருந்துகள் இந்தப் பிரேக்கை அழுத்துபவை. வலிப்பு நீள நீள, செல் இந்த வாங்கிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. தூண்டிவிடும் வேறு வகை வாங்கிகள் மேலே வந்து சேருகின்றன. எலிகளில் ஒரு மணி நேரத்துக்குள் இது நடப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் கொடுத்தால் வேலை செய்கிற அதே மருந்து, அதே அளவு, ஐம்பதாவது நிமிடத்தில் தோற்றுப்போகலாம். மருந்தில் குறை இல்லை. அது மிதிக்க வேண்டிய பிரேக் அந்த இடத்தில் இல்லை. தளியிலிருந்து ஓசூர் வரும் வழியில் அந்தக் குழந்தையின் தலைக்குள் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

இனி அந்தத் தாயின் கேள்வி. பாரிஸில் ழான் அய்கார்டி, ஷெவ்ரி என்ற இரு மருத்துவர்கள் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வலிப்பு நீடித்த 239 குழந்தைகளைப் பற்றியது. 11 சதவீதக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் மிகப் பலருக்கு நடையிலோ பேச்சிலோ அறிவு வளர்ச்சியிலோ குறை மிஞ்சியது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்தக் கணக்கைப் படித்துத்தான் பெற்றோரிடம் பேசினார்கள்; அதாவது, தலையைக் குனிந்துகொண்டு பேசினார்கள்.

பிறகு 1989இல் நியூயார்க்கிலிருந்து மேய்ட்டல், ஷின்னர் குழுவின் கட்டுரை வந்தது. 193 குழந்தைகள். மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் ஏழு பேர். பிழைத்தவர்களில் புதிதாகக் குறை ஏற்பட்டவர்கள் 9 சதவீதம்தான். இறந்த ஏழு பேரிடமும் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் நோயோ, மூளையைப் படிப்படியாக அழிக்கும் நோயோ ஏற்கெனவே இருந்தது. வெறும் காய்ச்சலால் வலிப்பு நீண்ட பிள்ளைகளும், காரணமே தெரியாமல் வலிப்பு நீண்ட பிள்ளைகளும் பெரும்பாலும் பழையபடி வீடு திரும்பியிருந்தார்கள்.

இருபது ஆண்டில் இவ்வளவு மாற்றமா? சிகிச்சை முன்னேறியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வேறுபாடு, யாரை எண்ணினார்கள் என்பதில் இருந்தது. பாரிஸ் கணக்கில் ஒரு மணி நேரம் தாண்டியவர்கள் மட்டுமே; அதுவும் எல்லா ஊர்களிலிருந்தும் கடைசியாக வந்து சேரும் பெரிய மருத்துவமனை. நியூயார்க் கணக்கில் அரை மணி தாண்டிய எல்லோரும். பெரிய மருத்துவமனையின் வாசலில் நின்று எண்ணினால் உலகம் ஒரு மாதிரி தெரியும். ஊர் ஊராகப் போய் எண்ணினால் வேறு மாதிரி தெரியும். லண்டனின் வடபகுதியில் ரிச்சர்ட் சின் குழு 2006இல் அப்படி ஒரு பகுதி முழுவதையும் கணக்கெடுத்தபோது, இறப்பு 3 சதவீதம் என்று கண்டார்கள்.

இந்தப் பாடத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளி தேறுவாரா என்று முன்கூட்டிச் சொல்ல இன்று கையில் இருக்கும் கணிப்பு மதிப்பெண்களும் ஏதோ ஒரு வாசலில் நின்று எழுதப்பட்டவையே.

முதலில் வந்தவற்றுள் புகழ்பெற்றது சுவிட்சர்லாந்து மருத்துவர் ரொசெட்டி உருவாக்கிய ‘ஸ்டெஸ்’. நான்கே கேள்விகள்: சிகிச்சைக்கு முன் நினைவு எந்த அளவில் இருந்தது, வலிப்பின் வகை என்ன, வயது என்ன, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா. மதிப்பெண் கூடக் கூட ஆபத்து கூடும். முன்பே வலிப்பு நோய் உள்ளவருக்கு மதிப்பெண் குறைவு என்பது முதலில் வியப்பாக இருக்கும். மாத்திரை விட்டுப்போனதால் வந்த வலிப்பு மாத்திரையால் அடங்கும். திடீரென்று முதன்முறையாக வந்து நிற்காத வலிப்புக்குப் பின்னால் மூளைக்காய்ச்சலோ ரத்தக் கசிவோ ஒளிந்திருக்கலாம் என்பதே காரணம்.

ஆனால் அது பெரியவர்களுக்கானது. அதில் வயதுக்கோடு 65. குழந்தைகள் வார்டில் அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. டெல்லிக் குழந்தை மருத்துவர்கள் அதைத் திருத்தி, இரண்டு வயது என்ற கோட்டை வைத்து, ‘ஸ்டெப்ஸ்’ என்ற மதிப்பெண்ணாக 2019இல் வெளியிட்டார்கள். இந்தியக் குழந்தைகளைப் பார்த்து இந்தியாவில் செய்த கணிப்பு என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஸ்கேனும் இ.இ.ஜி.யும் கேட்காமல், படுக்கையருகே நின்றே போட்டுவிடலாம் என்பதால் தாலுகா மருத்துவமனைக்கும் அது பொருந்தும். சீனாவின் சியான் நகரில் 2016இல் உருவான ‘எண்ட்-இட்’ வேறு வழியில் போகிறது: மூளை அழற்சி இருக்கிறதா, வெளியே தெரியாத வலிப்பு உள்ளே ஓடுகிறதா, டயசெபத்துக்கு அடங்கவில்லையா, ஸ்கேனில் மாற்றம் உண்டா, மூச்சுக்குழாய் செலுத்த நேர்ந்ததா. அதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும்.

எந்த மதிப்பெண்ணிடமும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மோசமாகப் போகிற குழந்தையையும் தேறுகிற குழந்தையையும் அது பிரித்துக் காட்டுகிறதா? இது ஒன்று. இன்ன மதிப்பெண்ணுக்கு நூற்றில் இத்தனை பேர் என்று அது சொல்லும் எண்ணிக்கை இந்த ஊரிலும் சரியாக வருகிறதா? இது மற்றொன்று. முதல் சோதனையில் தேறும் மதிப்பெண் இரண்டாவதில் தவறலாம். டெல்லியின் பெரிய மருத்துவமனைக்கு வருகிற குழந்தைகளும் ஓசூரில் முதல் அரை மணியில் வந்து சேரும் குழந்தைகளும் ஒரே கூட்டம் அல்ல. அங்கே எழுதிய எண்ணை இங்கே அப்படியே படித்தால் தேவையில்லாமல் பயமுறுத்தியவர்கள் ஆவோம். பயமுறுத்துவதோடு போவதில்லை, இந்தக் குழந்தை தேறாது என்று எண் சொன்னதாக நினைத்துக் கை சற்றே தளர்ந்துவிட்டால், எண் சொன்னது பலித்துவிடும். அதனால் மதிப்பெண்ணை யாருக்கு முதலில் தீவிர சிகிச்சைப் படுக்கை, யாரை உடனே பெங்களூருக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும், முயற்சியைக் குறைப்பதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சிக்கல் இந்தச் சாலைக்கே உரியது. நினைவு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, மருந்து கொடுப்பதற்கு முந்தைய நிலைதான் விடை. ஓசூரில் மிடசோலம் போட்டு பெங்களூருக்கு அனுப்பிய குழந்தை அங்கே தூங்கிக்கொண்டு வந்து சேரும். அது நோயின் மயக்கமா, மருந்தின் மயக்கமா? அனுப்பியவர் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் தெரியும். இல்லாவிட்டால் தெரிய வழியே இல்லை.

கணிப்பில் முதல் இடம் காரணத்துக்குத்தான். லண்டன் குழந்தைகளை ஒன்பது ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 2018இல் எழுதியவர்களும் அதையே சொல்கிறார்கள். ஏறத்தாழ கால் பங்குக் குழந்தைகளுக்குப் பின்னால் வலிப்பு நோய் வந்தது, அதில் பெரும்பகுதி முதல் ஒன்றரை ஆண்டுக்குள். முன்பு நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து அதைவிடக் குறைவு.

காரணங்களோ ஊருக்கு ஊர் மாறுபவை. வேலூர் சி.எம்.சி.யின் ராஜசேகர் குழு வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டது: ஆயிரத்துக்கு நான்கு பேருக்குச் சற்றுக் குறைவாக வலிப்பு நோய், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள். அன்றைய வேலூர் மாவட்டம் கிருஷ்ணகிரிக்கு அடுத்த வீடு. மேற்கே நிம்ஹான்ஸின் கௌரி தேவி, குருராஜ், சதீஷ்சந்திரா ஆகியோர் பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்தார்கள். நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7 பேருக்கு வலிப்பு நோய், கிராமத்தில் 11.9. இரண்டு மடங்கு. ஒரு பெரிய நகரத்தைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் நோய் அதிகம், மருந்து தொலைவு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லிவிட முடியாது. ஓசூரைச் சுற்றியிருக்கும் ஊர்களும் அந்த வட்டத்தின் நீட்சிதான்.

குழந்தை வந்து சேரும்போது காரணம் நடந்து முடிந்துவிட்ட ஒன்று. புழுப் பையோ, மூளைக்காய்ச்சல் கிருமியோ, மரபணுப் பிழையோ, அந்த இரவில் யாரும் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது, அது நேரம். மேலே சொன்ன மதிப்பெண்கள் ஒன்றில்கூட நேரத்துக்கு இடம் இல்லை.

லண்டன் குழு 2008இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. வலிப்பு தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேர ஆகும் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும், வலிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆபத்து 5 சதவீதம் கூடுகிறது. நிமிடத்துக்கு ஐந்து வட்டி, அதுவும் வட்டிக்கு வட்டி. இருபது நிமிடத்தில் இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். எளிதில் அடங்காத வலிப்போடு வட அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த 218 குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் எழுதியவர்கள், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு முதல் மருந்தே பத்து நிமிடத்துக்குப் பின்தான் கிடைத்தது என்றும், தாமதமான குழந்தைகளிடையே இறப்பு அதிகம் என்றும் கண்டார்கள். நீண்ட காய்ச்சல் வலிப்பைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் மருந்து கிடைக்க ஆன நேரத்தின் நடுமதிப்பு அரை மணி. ஆம்புலன்சும் பயிற்சி பெற்ற ஆட்களும் தெருத்தெருவாக இருக்கும் நாட்டிலேயே அரை மணி என்றால், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரம் இருக்கும் ஓர் ஊரில், யானை நடமாட்டத்துக்கு அஞ்சி இரவில் வண்டி எடுக்கத் தயங்குகிற ஊரில், எவ்வளவு இருக்கும்?

மருந்து மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ‘ராம்பார்ட்’ என்ற ஆய்வு 2012இல் இதை ஐயமின்றி நிறுவியது. ஆம்புலன்சிலேயே தசையில் மிடசோலம் போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு மருத்துவமனை சேருமுன் வலிப்பு நின்றிருந்தது. நரம்பில் லோரசெபம் ஏற்றியவர்களில் 63 சதவீதம். நரம்பில் ஏறிய மருந்து உள்ளே போனபின் விரைவாக வேலை செய்தது. ஆனால் துடிக்கிற கையில் நரம்பைத் தேடுவதற்குள் அந்த வேகத்தின் பலன் போய்விட்டது. பிஞ்சுக் குழந்தையின் கொழுகொழுக் கையில் நரம்பு தேடிய செவிலியரைக் கேட்டால் இதற்கு ஆய்வே தேவையில்லை என்பார். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே இந்தியாவிலும் கிடைக்கிறது. ஏற்கெனவே நீண்ட வலிப்பு வந்த குழந்தையின் வீட்டில், டாக்டர் எடைக்கு ஏற்ப அளவு எழுதிக் கொடுத்து, தாய்க்கும் பாட்டிக்கும் செய்துகாட்டி அனுப்பினால், முதல் மருந்து தளியிலேயே, ஐந்தாவது நிமிடத்திலேயே கிடைத்துவிடும். அந்தக் குழந்தைக்குப் பெங்களூரின் எந்த வசதியும் அதற்கு ஈடாகாது.

அதற்கடுத்த மருந்துகளில் எது சிறந்தது என்பதற்கு நீண்ட நாள் சண்டை இருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகளிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வும், அமெரிக்காவின் 2019 ஆய்வும் சொன்னது ஒன்றே: மற்ற மருந்துகளோடு லெவெடிரசெட்டம், வால்ப்ரோயேட் இரண்டையும் வைத்துப் பார்த்ததில் பெரிய வேறுபாடு இல்லை. எது என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்.

ஆனால் ‘எப்போது’ என்பதை யார் குறிக்கிறார்கள்? ஓசூரில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி கேட்கும். ஃபிட்ஸ் என்பார்கள், ஜன்னி என்பார்கள், மூர்ச்சை, மிர்கி என்பார்கள். எந்த மொழியிலும் தொடங்கிய நேரத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். சொல்ல முடியாது, துடிக்கும் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவள் கடிகாரம் பார்ப்பாளா? அவளிடம் எத்தனை நிமிடம் என்று கேட்பது நியாயமே இல்லை. ஆனால் இந்த ஊரில் நேரத்துக்கு வேறு சாட்சிகள் உண்டு. கம்பெனி பஸ் வந்துபோன பிறகா? ஷிஃப்ட் சங்கு ஊதியதற்கு முன்பா? பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாயே, அந்த அழைப்பு எத்தனை மணிக்கு என்று போனில் இருக்குமே? இப்படிக் கேட்கத் தெரிந்த மருத்துவருக்கு நிமிடம் கிடைத்துவிடும். கூட இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான்: குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், சாவியைத் தேடும் கை போனை எடுத்து நேரத்தைப் பார்க்கட்டும், ஐந்து நிமிடம் ஆகிவிட்டால் 108.

கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிம்ஹான்ஸ். இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒவ்வொரு மருத்துவமனையும் வலிப்போடு வந்த குழந்தையின் சீட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: தொடங்கிய நேரம், முதல் மருந்து கொடுத்த நேரம், மருந்துக்கு முன் குழந்தையின் நினைவு. இரண்டு மூன்று ஆண்டில் இந்தச் சாலைக்கென்று ஒரு கணிப்பு பிறக்கும். டெல்லியின் எண்ணை இரவல் வாங்க வேண்டியிருக்காது.

அந்தத் தாய் இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருக்கிறாள். டாக்டர் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: “அம்மா, இன்னிக்கே முழுசா சொல்ல முடியாது. பாப்பா முன்னாடி நல்லா இருந்தா, அது பெரிய பலம். முதுகுல தண்ணி எடுத்துப் பார்த்து மூளைக்காய்ச்சல் இல்லைன்னா, பழையபடி ஆகிறதுக்கே வாய்ப்பு ஜாஸ்தி. ஒண்ணரை வருஷம் நான் சொல்லும்போதெல்லாம் கூட்டிட்டு வாங்க.” பிறகு மாமியார் பக்கம் திரும்பி, “பாட்டி, இழுக்க ஆரம்பிச்சப்போ கம்பெனி பஸ் போயிருச்சா?” என்று கேட்கிறார்.

“இல்ல சார். அது போகும்போதுதான் நான் சாவி தேடிட்டிருந்தேன்.”

அவர் சீட்டில் எழுதுகிறார்: 4.40.